பெரியம்மாவின் தாலாட்டும் கம்ப்ரஸரும்

கம்ப்ரஸர் என்றால் எங்கள் கடலூரில் பஞ்சர் கடை வாசலில் தடதடவென்று ஓடிக் காற்றடைக்கும் யந்திரம். வீட்டுக்குள் வந்தால் குளிர்பதனப் பெட்டியின் முதுகில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் உருண்டை. இந்த இரண்டையும் எனக்கு வெகு நாளாகத் தெரியும். மூன்றாவதாக ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது, அது பாட்டை அமுக்குகிறது என்று தெரிந்துகொண்டது போன வருஷம்தான். காற்றை அமுக்கினால் டயர் நிற்கும். பாட்டை அமுக்கினால் என்ன ஆகும் என்று பல ராத்திரிகள் கண்விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைச் சொல்லுகிறேன்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, அதிலும் பௌதிகப் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டவனுக்கு, இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் அக்காள் மகனால் வந்த வேலை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மைக், ஒரு மடிக்கணினி, சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம் என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அவன் ஸ்தாபித்திருக்கிறான். ஜமுக்காளம் அழகுக்காக இல்லை. வெறும் சுவரில் குரல் மோதித் திரும்பினால் குளிக்கிற அறையில் பாடுவது மாதிரி இருக்கும், அதைத் தடுக்க. முதலில் சினிமாப் பாட்டுக்களாகப் பாடிப் பதிந்துகொண்டிருந்தான். பிறகு எப்படியோ ஞானோதயம் உண்டாகி, "மாமா, நம்ம ஆயா பாடுற பாட்டையெல்லாம் எடுத்து வெச்சிடணும். அப்பறம் யாரு இருக்காங்க?" என்றான்.

ஆயா என்று அவன் சொன்னது என் பெரியம்மாவை. என் தாயாருக்கு மூத்தவள். சிதம்பரத்துக்குத் தெற்கே, குமராட்சிப் பக்கம் ஒரு கிராமம். எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் சிறு வயதில் அவளும் இறங்கி நடவு நட்டிருக்கிறாள். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று அவளிடம் ஒரு பெட்டி நிறையச் சரக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது.

இப்படிப்பட்ட பாட்டுக்களை எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். பெர்ஸி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் 1958-இல் 'மலையருவி' என்ற பெயரில் வெளியிட்டது. அருமையான புஸ்தகம். ஆனால் அச்செழுத்தில் ஒரு சங்கடம். முதல் அடியும் கடைசி அடியும் ஒரே உயரத்தில் நிற்கும். எந்த இடத்தில் குரல் ஓங்கிற்று, எந்த இடத்தில் அடங்கிற்று என்பதை எந்த அச்சுக்கோப்பவரும் கோக்க முடியாது. பதிவு செய்த குரலில் அது இருக்கும் என்பதுதான் எங்களுக்கு இருந்த சந்தோஷம்.

பெரியம்மாவைக் கடலூருக்கு அழைத்து வந்தோம். மாடி ஏறி வந்தவள் மைக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூளி எங்கடா?" என்றாள்.

"தூளி எதுக்கு ஆயா? நீங்க சும்மா பாடுங்க."

"தூளி இல்லாம தாலாட்டு எப்பிடிடா வரும்? கையி சும்மா கெடந்தா வாயி எப்பிடிப் பாடும்?"

உத்தரத்துக் கொக்கியில் ஒரு பழைய புடவையைக் கட்டி உள்ளே தலையணையைப் போட்டோம். அதை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் பாட ஆரம்பித்தாள். கயிறு கொக்கியில் உரசி 'கிறீச், கிறீச்' என்றது. பையன் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். இருக்கட்டும் என்று ஜாடை காட்டினேன்.

தாலாட்டைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்குத்தான் கவனித்தேன். தொடக்கம் நல்ல சத்தம். ஏனென்றால் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அந்த அழுகைக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும். தாய்மாமன் என்னென்ன சீர் கொண்டுவருவான் என்று அடுக்குகிற வரைக்கும் குரல் உச்சத்தில் இருக்கிறது. பிறகு குழந்தை விசும்பலுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டும் ஒரு படி இறங்குகிறது. கண் சொக்குகிறது, வார்த்தைகள் குறைகின்றன. கடைசியில் வார்த்தையே இல்லை, வெறும் 'ம்ம்' என்ற முனகல். அதற்கும் பிறகு கயிற்றின் கிறீச்சு மட்டும். தூளிக்குள் இருந்தது தலையணை என்பதைப் பெரியம்மா மறந்துவிட்டாள் போலிருந்தது. குனிந்து புடவையை விலக்கி உள்ளே பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

முதல் அடிக்கும் கடைசி முனகலுக்கும் இருபது டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் என்று பையன் கணினியில் அளந்து சொன்னான். மனிதக் காதுக்குப் பத்து டெசிபெல் குறைந்தால் சத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டதாகத் தோன்றுமாம். இருபது என்றால் கால் பங்கு.

அவனுக்கு அப்போது தன் கைத்திறமையில் நம்பிக்கை போதவில்லை. ஒரு நகரத்தில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, ஊர் பேர் வேண்டாம், பதிவை அனுப்பிப் பணம் கொடுத்துச் செப்பனிட்டு வாங்கினான். வந்ததைப் போட்டுக் கேட்டோம். முதல் அடி எந்த உயரமோ அதே உயரத்தில் கடைசி முனகலும். பெரியம்மா என் காதுக்குள் வாயை வைத்து முனகுகிறாள்! கயிற்றுக் கொக்கி மாட்டுவண்டி அச்சு மாதிரி கத்துகிறது. ஒவ்வோர் அடிக்கும் இடையில் அவள் மூச்சு இழுப்பது, இரைப்பு நோய்க்காரி இழுப்பதுபோல் மேலே எழும்பி வருகிறது. கணினித் திரையில் பாட்டின் படத்தைப் பார்த்தால், முன்பு கோவில் மதில்மேல் கோபுரமும் சரிவுமாக இருந்தது, இப்போது செங்கல்லை நீளவாட்டில் வைத்த மாதிரி இருந்தது.

பெரியம்மாவுக்கும் போட்டுக் காட்டினான். பாதி வரை கேட்டாள்.

"நான் தூங்க வெக்கப் பாடுனேன். இது தூங்குற புள்ளய எழுப்பி உக்கார வெக்கிற பாட்டுல்ல?" என்றாள்.

இதைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்தச் சங்கீத சபையிலும் கேட்டதில்லை.

கம்ப்ரஸர் செய்கிற காரியம் லேசானது. ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறது. குரல் அந்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய அளவை இத்தனை பங்கில் ஒன்றாகக் குறை என்று அதற்கு உத்தரவு. வரம்பு கழித்தல் 20 டெசிபெல், விகிதம் நாலுக்கு ஒன்று என்று வையுங்கள். குரல் கழித்தல் 8 வரை ஏறினால் வரம்புக்கு மேலே 12. அது 3 ஆகச் சுருங்கிவிடும். அதாவது உச்சியில் 9 டெசிபெல்லை வெட்டியாயிற்று. வெட்டியதால் பாட்டு முழுவதுமே சற்று மந்தமாகத் தெரியும். ஆகவே மொத்தத்தையும் 9 டெசிபெல் தூக்கிவிடுவார்கள். விஷமம் இந்தத் தூக்குதலில்தான். உச்சி பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் வரம்புக்குக் கீழே சாதுவாகக் கிடந்த முனகல், மூச்சு, கயிறு, தெருவில் போன மோட்டார் சைக்கிள் எல்லாம் 9 டெசிபெல் உயர்ந்து வாசலில் வந்து நிற்கும். வரவேற்க வேண்டியவர்களோடு வேண்டாதவர்களும் வந்துவிடுகிற கல்யாண வீடுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்களைக் குற்றம் சொல்லுவதற்கில்லை. அவர்களுக்கு நியாயம் இருந்தது. ரேடியோ நிலையத்தில் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் ஒலிபரப்புச் சிதையும். ரொம்பத் தாழ்ந்தால் நம் வீட்டுப் பெட்டியில் கரகரப்புக்கு அடியில் மூழ்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் குரலை நடத்திக்கொண்டு போக ஒரு மேய்ப்பன் தேவைப்பட்டான். காஸெட் நாடாவிலும் அப்படித்தான். மெல்லிய பாட்டை நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் விழுங்கிவிடும். மாரியம்மன் கோவில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கிக்கோ உயர்வு தாழ்வு என்ற பேதமே கிடையாது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேடிக்கையாக இருக்கும். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு பாடகர்கள் ஒரு தகரக் கூம்புக்குள் பாட வேண்டும். தாழ்ந்த இடத்தில் முன்னே நகர்ந்து, உச்ச ஸ்தாயியில் பின்னே சாய்ந்து, தாங்களே தங்களுக்குக் கம்ப்ரஸராக இருந்தார்கள். நாடக மேடையிலோ கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கு எட்ட வேண்டுமென்று உச்சத்திலேயே சஞ்சாரம். மைக் வந்த பிறகுதான் மெல்லப் பாடுகிறவருக்கும் மேடையில் இடம் கிடைத்தது. மைக் கொடுத்த அந்த வரத்தைக் கம்ப்ரஸர் வந்து பிடுங்கிக்கொண்டது என்று எனக்குக் கோபம்.

வெளிநாட்டிலும் இந்தக் கோபம் உண்டு. அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்று ஒரு வகைப் பாட்டு. பெயருக்கேற்றபடி நாட்டுப்புறத்துக் குடும்பங்கள் பாடியது. 1927-இல் டென்னஸி மாகாணத்து பிரிஸ்டல் என்ற ஊரில், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ரால்ஃப் பியர் என்பவர் யந்திரத்தைக் கொண்டுபோய் வைத்து, கார்ட்டர் குடும்பத்தாரையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். அப்படித் தொடங்கிய தேசத்தில் போகப் போக யார் இசைத்தட்டு அதிகம் கத்துகிறது என்று போட்டி வந்துவிட்டது. 2008-இல் மெட்டாலிகா என்ற கோஷ்டி 'டெத் மேக்னெட்டிக்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது அவர்களுடைய சொந்த ரசிகர்களே முறையிட்டார்கள். காரணம், அதே பாட்டுக்கள் ஒரு விளையாட்டுக்காக அமுக்காமல் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. கத்துவதையே தொழிலாகக் கொண்ட சங்கீதத்தில்கூட ரசிகனுக்குக் காது மரத்துப்போகவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அந்தப் போட்டிக்கு அர்த்தமே இல்லை என்று பையன் விளக்கினான். காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று அளக்க 2006-இல் ஒரு சர்வதேச முறை வகுத்துவிட்டார்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மாதிரி இடங்களில் அந்த அளவுகோலில் சுமார் கழித்தல் 14-க்கு மேல் கத்துகிற பாட்டை அவர்களே திருகிக் குறைத்துவிடுகிறார்கள். செங்கல் மாதிரி அமுக்கி அனுப்பினாலும் அங்கே போய்த் தலையில் குட்டு வாங்கி உட்கார வேண்டியதுதான்.

"அப்படியானால் அமுக்கவே வேண்டாமே. ஆயா பாடியதை அப்படியே விட்டுவிடு" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் நான் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. அமுக்காத பதிவை என் கைபேசியில் ஏற்றி, "கேட்டுக்கிட்டே போங்க மாமா" என்று சொல்லி அனுப்பினான். ஆசாமி சாமானியன் இல்லை.

பழைய டவுனைத் தாண்டி சிப்காட் வரும்வரை பெரியம்மா கணீரென்று பாடினாள். ஆலப்பாக்கம் நெருங்கும்போது குரல் இறங்கத் தொடங்கிற்று. பஸ்ஸின் உறுமலில் வார்த்தைகள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த பாட்டின் முதல் அடி காதைக் கிழித்தது, குறைத்தேன். புதுச்சத்திரம், பு. முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று கூட்டிக் குறைத்துக் கூட்டிக் குறைத்தே சிதம்பரம் வந்து சேர்ந்தேன். இறங்கி நிற்கும்போதுதான் புரிந்தது: முக்கால் மணி நேரமும் என் கட்டைவிரல் கம்ப்ரஸர் வேலை பார்த்திருக்கிறது.

கிராமத்தில் இந்தப் பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் யார்? ஜமுக்காளம் தொங்கவிட்ட அறையில் உட்கார்ந்து கேட்பவர்களா? அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் சின்னக் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பார்கள். பேத்தி பக்கத்தில் டெலிவிஷன் போட்டிருப்பாள். அவர்களுக்கு முனகல் கேட்கவே கேட்காது என்றால் அதைக் காப்பாற்றி யாருக்கு வைத்திருக்கிறோம்? அண்ணாமலைநகரில் 1941-இல் தமிழிசை மாநாடு கூட்டித் தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டார்கள். மேடைக்காரர்களுக்கு அது தேவையான கிளர்ச்சிதான், சந்தேகமில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரத்து வயல்களில் எந்தத் தீர்மானத்துக்கும் காத்திராமல் தமிழில் பாடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டு இது. அது அவர்கள் வீட்டிலேயே கேட்காமல் போனால் எப்படி?

ஆகவே திரும்பி வந்து பையனோடு உட்கார்ந்தேன். அவன் செய்த முறையைச் சொல்லுகிறேன். வீட்டில் பதிவு செய்கிற வேறு பிள்ளைகளுக்கு உபயோகப்படலாம்.

முதலில் பதிவிலேயே அவசரப்படக் கூடாது. இருபத்துநாலு பிட் என்ற கணக்கில் பதிந்தால் மிக மெல்லிய ஓசையும் சுத்தமாக அகப்படும். ஆகையால் உச்சக் குரல்கூட அளவுகோலின் மேல் விளிம்பை முட்டாதபடி தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பிறகு கம்ப்ரஸரைத் தொடுவதற்கு முன்னால் கையால் வேலை. ஒவ்வோர் அடியாகக் கேட்டு, அமுங்கின வார்த்தையை ஒரு டெசிபெல், ஒன்றரை டெசிபெல் தூக்குவது. திடீரென்று எகிறிய ஓர் எழுத்தை மட்டும் தாழ்த்துவது. மூச்சும் கயிறும் வருகிற இடத்தில் கை வைப்பதில்லை. நடவில் களை பிடுங்குகிற மாதிரி வேலை, முதுகு வலிக்கும். யந்திரத்துக்கு அடுத்து வருகிற அடி தெரியாது. உட்கார்ந்து கேட்கிற ஆளுக்குத் தெரியும். கடைசி முனகல் மெல்லத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த ஆளுக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு கம்ப்ரஸருக்குக் கொஞ்சம்தான் வேலை மிச்சம். விகிதம் இரண்டுக்கு ஒன்று. உச்சியில் இரண்டு, மூன்று டெசிபெல் குறைந்தால் போதும். அதிலும் எந்த யந்திரம் என்பது இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் எல்ஏ-2ஏ என்று ஒன்று செய்தார்கள். உள்ளே ஓர் ஒளிரும் தகடு. எதிரே ஒளிபட்டால் குணம் மாறுகிற ஒரு சிறு வில்லை. குரல் ஓங்கினால் தகடு பிரகாசிக்கும், அதைப் பார்த்து வில்லை குரலை அடக்கும். அடக்கிய பிறகு கையை வெடுக்கென்று எடுக்காது. பாதியைச் சட்டென்று விட்டு மீதியைச் சாவகாசமாக விடும். அதனால்தான் மனிதக் குரலுக்கு அது இன்றைக்கும் பிரசித்தம். அசல் பெட்டியின் விலைக்கு எங்கள் மாடியையே விற்க வேண்டும். அதன் நடத்தையைக் கணினியில் போலச் செய்கிற நிரல் ஒன்று பையனிடம் இருக்கிறது. வெடுக்கென்று விடுகிற யந்திரமாக இருந்தால், அடிக்கு அடி பின்னணி இரைச்சல் மேலும் கீழும் போய், பாட்டே மூச்சு வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

தாலாட்டுக்கு இருபது டெசிபெல் இறக்கத்தைப் பன்னிரண்டாக்கினோம். பஸ்ஸில் முனகல் கேட்டது; முனகலாகவே கேட்டது. பத்துக்கும் கீழே கொண்டுவந்தால் கைபேசிக்கு இன்னும் நல்லது என்றான் பையன். கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தலையணை தூங்கிற்றா என்று பெரியம்மா எட்டிப் பார்த்த அந்த இடம் பத்துக்குக் கீழே தாங்காது.

நடவுப் பாட்டு வேறு ஜாதி. புரட்டாசியில் போய் வரப்பில் நின்று எடுத்தோம். நடவு யந்திரம் வந்த பிறகு கூட்டமாக நின்று பாடி நடுவது குறைந்துவிட்டது. அன்றைக்குப் பதினோரு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். திறந்தவெளியில் பத்துப் பேர் சேர்ந்தால் ஏற்கெனவே குரல்கள் ஒன்றை ஒன்று நிரவிக்கொண்டு விடுகின்றன. நாலு டெசிபெல் அமுக்கினாலும் காயம் படவில்லை. குலவை போடுகிற இடத்தில் மட்டும் யந்திரம் சற்றுத் தாமதித்து விழித்துக்கொள்ளும்படி செய்தான். உடனே பாய்ந்தால் குலவையின் முதல் வெட்டு மழுங்கிவிடுகிறது. அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டியபோது ஒருத்தி, "இன்னும் சத்தமா வெய்யி தம்பி, ரோட்டுக்குக் கேக்கட்டும்" என்றாள். வைத்தான். பாட்டு அவர்களுடையது.

ஒப்பாரிதான் கஷ்டம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு ஆகாது. ஆகவே அவள் ஊரில் வயலுக்கு நடுவே இருக்கிற பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போனோம். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். யாருக்காகப் பாடப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஏதாவது பொதுவாகப் பாடுவாள் என்று இருந்தேன்.

என் தாயாருக்குப் பாடினாள். பத்து வருஷத்துக்கு முன்னால் கடலூர் வீட்டுக் கூடத்தில் பாடியதை அப்படியே பாடினாள். ஒன்றாக வளர்ந்தது, ஒரே சேலையை மாற்றி மாற்றி உடுத்தியது, தங்கை முந்திக்கொண்டது என்று போகிறது. ஓரிடத்தில் உச்சத்துக்குப் போய், தங்கையின் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. வெறும் காற்று. மூன்று விநாடி. தூரத்தில் ஒரு நாரை கத்துவது கேட்கிறது. அப்புறம்தான் பேர் வருகிறது, மிகவும் தாழ்ந்து.

மாடி அறையில் பையன் இந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். கம்ப்ரஸர் இரண்டுக்கு ஒன்றில் இருந்தால்கூட, உச்சத்தை விட்டதும் கை தளர்ந்து அந்த இடத்தில் காற்றும் நாரையும் மேலே எழும்பி வருகின்றன. பேர் வருகிறபோது அது முன்பே வந்துவிட்டது மாதிரி இருக்கிறது. நிரலை எடுத்துவிட்டான். கையால் தூக்கிப் பார்த்தான். பேரை ஒரு டெசிபெல் உயர்த்தினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அதையும் பழையபடி இறக்கிவிட்டான். ஆரம்பத்தில் அவள் தொண்டையைக் கனைத்த ஓசையை மட்டும் வெட்டினான். அதையும் மறுநாள் திரும்ப ஒட்டி வைத்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தாலாட்டைப் பெரியம்மா கேட்டாயிற்று. "இப்பத் தேவல. புள்ள தூங்கும்" என்றாள். ஒப்பாரியை இன்னும் கேட்கவில்லை. பாடுவதற்கு ஆகாத வீட்டில் போட்டுக் கேட்பதும் ஆகாது என்கிறாள். கைபேசியில் போட்டால் அந்த மூன்று விநாடிக்குப் பிறகு வருகிற பேர் அவள் காதில் விழாது. தை அறுவடை முடியட்டும் என்று இருக்கிறோம். பையனுடைய பெரிய ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு பம்புசெட்டுக்குப் போக வேண்டும்.